எம்.எஸ். கைக்கு வீட்டுப் பயிற்சி: பந்து அமத்துறது மட்டும் போதுமா?

சாம்பல்தீவு

மல்டிபிள் ஸ்க்ளிரோசிஸ் (எம்.எஸ்.) உள்ள 38 வயதுக்காரருக்கு வீட்டில செய்யச் சொல்லி ஒரு பயிற்சித் தாள் கிடைச்சிருக்கு. பந்து அமத்துறது, கப்பியில கயிறு போட்டுக் கையை இழுக்கிறது, சுவரில விரலால ஏறுறது. தாளின்ர தலைப்பில பக்கவாதம் எண்டுதான் இருக்கு. வலது கை விரல்கள் மடங்கின வாக்கில இறுகிக் கிடக்கு. இடது கையில இறுக்கம் இல்லை, ஆனா தேத்தண்ணிக் கோப்பையை வாய்க்குக் கிட்டக் கொண்டு போனா நடுங்குது. காலம்பற பரவாயில்லை, மத்தியானம் பேனை பிடிக்கவே ஏலாது. வீட்டில ஏசி இல்லை. இந்தத் தாளை அப்பிடியே செய்யலாமா?

உவர்மலைக்காரன்

அப்படியே செய்ய வேண்டாம், சகோதரம். பாதி பொருந்தும், பாதி கெடுதல்.

பக்கவாதம் ஒருமுறை வந்து, பெரும்பாலும் ஒரு பக்கத்தைப் பிடித்து, பிறகு மெல்லத் தேறும். எம்.எஸ்.இல் மூளையிலும் முண்ணாணிலும் நரம்பு நார்களைச் சுற்றியுள்ள மயலின் உறை அங்கங்கே அழிகிறது. எந்த இடத்தில் அழிந்ததோ அதற்கேற்ற குறைதான் கையில் தெரியும். நீங்கள் எழுதியதைப் பார்த்தால் இரண்டு கையிலும் இரண்டு வேறு பிரச்சினை. ஒரே பயிற்சி இரண்டுக்கும் சரிவராது.

முதலில் எந்தக் குறை என்று வீட்டிலேயே பாருங்கள். விரலை மெதுவாக நிமிர்த்தினால் வருகிறது, சடாரென்று நிமிர்த்தினால் பிடித்துக்கொள்கிறது என்றால் அது இறுக்கம். பிடிப்பு ஒன்றும் இல்லை, ஆனால் 500 மில்லி தண்ணீர்ப் போத்தலை நாலு தரம் தூக்கிவிட்டு ஐந்தாம் தரம் கை தொங்குகிறது என்றால் பலவீனம், கூடவே சீக்கிரம் களைக்கிற நரம்பு. மடியில் வைத்தால் அசையாமல் இருந்து, பொருளை நெருங்க நெருங்க நடுக்கம் கூடினால் அது சிறுமூளைப் பாதையில் உள்ள கோளாறு. கண்ணை மூடச் சொல்லி உள்ளங்கையில் 10 ரூபா நாணயத்தையும் ஒரு சட்டைத் தெறியையும் மாறி மாறி வையுங்கள். எது என்று சொல்ல முடியாவிட்டால் உணர்வு குறைந்திருக்கிறது. பலம் முழுவதும் இருந்தும் பொருள் கைதவறி விழுவது இந்த நாலாவது வகையில்தான். இரண்டு மூன்று குறை சேர்ந்தே இருப்பதும் உண்டு.

இனிப் பந்து. மடங்கி இறுகின கைக்குப் பந்து கொடுப்பது மடக்கும் தசைக்கே மேலும் வேலை கொடுப்பது. அந்தக் கைக்குத் தேவை விரிப்பது. இப்படிச் செய்யுங்கள்: முன்னங்கையை மேசையில் வைத்து, உள்ளங்கை கீழே பார்க்க, மணிக்கட்டை மேசை விளிம்புக்கு வெளியே தொங்க விடுங்கள். மணிக்கட்டு கீழே மடங்கினவுடன் விரல்கள் தானாகத் தளரும். அந்த நேரத்தில் பெருவிரலை அதன் அடியில் பிடித்து வெளியே எடுத்து, மற்ற விரல்களை நிமிர்த்தி, நிமிர்த்தின நிலை குலையாமல் மணிக்கட்டை மெதுவாக மேலே கொண்டு வாருங்கள். இழுவை தெரிகிற இடத்தில் 30 முதல் 60 விநாடி நிறுத்தம். மூன்று முதல் ஐந்து தரம். விரல் நுனியைப் பிடித்து இழுக்கக் கூடாது. நுனி மட்டும் பின்னால் வளையும், மணிக்கட்டு மடங்கியபடியே கிடக்கும், நீட்டவேண்டிய தசை நீளவே நீளாது.

கப்பியைக் கழற்றி வையுங்கள். தோள் பலவீனமான ஒருவர் நல்ல கையால் மற்றக் கையை மேலே இழுத்தால், தோள் எலும்பு சரியாக உருளாமல் மேலே முட்டி நசியும். நோ வந்தால் பிறகு கையைத் தொடவே விடமாட்டார். அதற்குப் பதிலாக ஒரு துவாயை மேசையில் விரித்து, இரண்டு கையையும் அதன்மேல் வைத்து முன்னாலும் பக்கவாட்டிலும் தள்ளச் சொல்லுங்கள். சுவரில் ஏறுவதைத் தோள் மட்டத்துக்கு மேல் விட வேண்டாம்.

பாலையூற்றுத் தச்சு

அண்ணை, பந்தை முழுசா ஒதுக்கிறதை நான் ஏற்கமாட்டன். இறுக்கமே இல்லாத, சோர்ந்து தொங்கிற கைக்குப் பிடி பலம் வேணும்தானே? வாளி தூக்கவும் கதவுப் பிடி திருப்பவும் அதுதான் உதவும்.

உவர்மலைக்காரன்

சரி, அந்தக் கைக்குக் கொடுக்கலாம். அதிலும் பந்தைவிட மா நல்லது. பந்து ஒரே மாதிரித்தான் எதிர்க்கும், மாவை இறுக்கமாகவும் இளக்கமாகவும் பிசைந்துகொள்ளலாம். கோதுமை மா 2 கோப்பை, உப்பு 1 கோப்பை, தண்ணீர் முக்கால் முதல் 1 கோப்பை, எண்ணெய் 2 மேசைக்கரண்டி. தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக விடுங்கள். உருட்டி, பெருவிரலாலும் ஒவ்வொரு விரலாலும் கிள்ளலாம். வளையமாக்கி விரல்களை உள்ளே விட்டு வெளியே விரிக்கலாம். இந்த விரிப்பு இறுகின கைக்கும் ஆகும். பலத்துக்கென்றால் 10 தொடக்கம் 15 தரம், இடையில் இரண்டு நிமிடம் ஓய்வு, மறுபடி ஒருமுறை. கிழமைக்கு இரண்டு நாள் போதும்.

திருமலைத் தாதி

ஒருத்தரும் இன்னும் சூட்டைப் பற்றிப் பேசவில்லை. எங்கட ஊரில அதுதான் முதல் கேள்வி.

மயலின் கழன்ற நரம்பு சூடு கூடினா செய்தியைச் சரியாக் கடத்தாது. உடம்புச் சூடு அரைப் பாகை ஏறினாலே போதும். 1890இல ஜேர்மன் கண் வைத்தியர் வில்ஹெல்ம் ஊத்தோஃப், உடற்பயிற்சிக்குப் பிறகு சிலருக்குப் பார்வை மங்கிறதைக் குறிச்சு வைச்சார். காரணம் உடம்புச் சூடு எண்டு பிறகுதான் விளங்கினது. இண்டைக்கும் அவர்ர பேரில்தான் அதைச் சொல்லுறம். கையிலயும் அதேதான் நடக்குது. மத்தியானம் பேனை பிடிக்க ஏலாமப் போறதுக்குப் பெரும்பாலும் இதுதான் காரணம், அதோட அந்த நேரக் களைப்பு. நோய் கூடிட்டுது எண்டு பயப்பிட வேண்டாம். சூடு இறங்கினா கையும் பழைய நிலைக்கு வரும்.

சித்திரை தொடக்கம் ஆவணி வரை, அதுவும் கச்சான் காத்து அடிக்கிற நாளில, பயிற்சியைக் காலமை 7 மணிக்குள்ள முடிச்சிடுங்கோ. மிச்சத்தைப் பொழுதுபட்ட பிறகு வைக்கலாம். தொடங்க முதல் ஒரு கோப்பை குளிர்ந்த தண்ணி குடிக்கக் குடுங்கோ. நனைச்சுப் பிழிஞ்ச துவாயைக் கழுத்தில போட்டு அதுக்கு நேர ஃபானைப் போடுங்கோ. வெளிச்சூடு 35 பாகையைத் தாண்டினா வெறும் ஃபான் சூட்டுக் காத்தைத்தான் அடிக்கும், ஈரத்துணி இருந்தாத்தான் குளிரும். கரண்ட் போற நாளுக்கு ஒரு விசிறியும் ஃப்ளாஸ்கில ஐஸ் தண்ணியும் வைச்சிருங்கோ.

தசை இறுக்கத்தைக் குறைக்கிற பக்லோஃபென் குளிசை எடுக்கிறவரா? அப்பிடியெண்டா இழுத்து நிமிர்த்திற பயிற்சியைக் குளிசை எடுத்து ஒரு மணித்தியாலம் அளவில செய்யுங்கோ, கை இளகி இருக்கும். நுணுக்கமான வேலையை அந்த நேரம் வைக்க வேண்டாம், சிலருக்கு நித்திரைத் தூக்கமும் சோர்வும் வரும். கை நல்லா இளகிட்டுது எண்டு நினைச்சுக் குளிசையைத் திடீரெண்டு நிப்பாட்டக் கூடாது. வலிப்பு வரைக்கும் போகும்.

கிண்ணியாக் கரை

ரெண்டு கேள்வி. கன்னியா வெந்நீர்க் கிணத்துத் தண்ணி கை கால் வாதத்துக்கு நல்லதெண்டு பெரியவங்க கூட்டிப் போகச் சொல்றாங்க. போகலாமா? மற்றது, நல்ல கையைக் கட்டி வைச்சிட்டு மோசமான கையாலேயே எல்லாம் செய்ய விட்டா தேறும் எண்டு யூடியூப்பில பார்த்தேன். சரியா?

திருமலைத் தாதி

கன்னியாவுக்குப் போய்ச் சுத்திப் பார்க்கலாம், கும்பிடலாம். எம்.எஸ். உள்ளவரை ஊத்திக் குளிக்க விட வேண்டாம். ஏழு கிணத்திலயும் சூடு ஒண்டுக்கொண்டு வித்தியாசம், எது எவ்வளவு எண்டு கையை வைச்சுச் சொல்ல ஏலாது. ஸ்கான் இல்லாத காலத்தில எம்.எஸ்.ஐக் கண்டுபிடிக்க நோயாளியைச் சூட்டுத் தண்ணித் தொட்டியில இருத்தி, கை கால் சோருதா, பார்வை மங்குதா எண்டு பார்த்தவை. அப்பிடியிருக்க நாங்களே கொண்டுபோய்ச் சூட்டுத் தண்ணி ஊத்தினா, ஈரக் கல்லுத் தரையில கால் சோர்ந்து விழுந்திடுவார். சூடாக்கின எண்ணெய் தேய்க்கிறதும் அப்பிடித்தான். மரத்த தோலுக்குச் சுடுறது தெரியாது, கொப்பளம் போட்ட பிறகுதான் தெரியும். எண்ணெய் தேய்க்க வேணுமெண்டா ஆறின எண்ணெய்.

தண்ணியில பயிற்சி வேணுமெண்டா கடல் நல்லது. வைகாசிக்கும் புரட்டாதிக்கும் இடையில உப்புவெளிப் பக்கம் கடல் சாதுவா இருக்கும். வெயில் ஏற முதல், நெஞ்சளவுக்குக் குறைஞ்ச தண்ணியில, பக்கத்தில ஒராள் பிடிச்சுக்கொண்டு நிக்க, கையை விரிச்சு அங்கால இங்கால தள்ளட்டும். மாரியில வேண்டாம்.

நிலாவெளி அக்கா

நல்ல கையைக் கட்டி வைக்கிற கேள்விக்கு நான் பதில் சொல்றேன் தம்பி, தொழில்வழிச் சிகிச்சைப் பக்கத்திலிருந்து.

அது எட்வேர்ட் ரோப் (Edward Taub) என்ற அமெரிக்க உளவியலாளர் உருவாக்கிய முறை. பக்கவாதத்துக்கு நல்ல ஆதாரம் உண்டு, எம்.எஸ்.க்கும் சோதித்திருக்கிறார்கள். ஆனால் காணொளியில் காட்டுவது அதன் கால்வாசி. கட்டுவது சின்னப் பங்குதான். மோசமான கைக்கு வேலையைப் படிப்படியாகக் கடினமாக்கிக் கொடுப்பதுதான் சிகிச்சை. சாம்பல்தீவு சொன்னவருக்கு இரண்டு கையும் பழுது, ஆகவே இது அவருக்கில்லை. வேறு யாருக்காவது செய்வதென்றால், கட்டாமல் நல்ல கைக்கு ஒரு தடித்த காலுறையைப் போட்டுவிடுங்கள், தானே கழற்றக்கூடியதாக இருக்க வேண்டும். கதிரையில் இருக்கும்போது மட்டும். எழும்பினால் கழற்ற வேண்டும். எம்.எஸ்.இல் சமநிலையும் தளம்பும், விழும்போது ஊன்ற ஒரு கை வேண்டும்.

இப்போது நேரக்கணக்கு. 45 நிமிடம் ஒரே இருப்பில் செய்யாதீர்கள். 10 முதல் 15 நிமிடமாக மூன்று தரம். தொடங்கும்போது களைப்பு 10க்கு எவ்வளவு என்று கேட்டு எழுதுங்கள், முடிந்ததும் கேளுங்கள். 3 புள்ளிக்கு மேல் ஏறினால் அடுத்த தடவை கால்வாசி குறையுங்கள். பயிற்சி முடிந்து இரண்டு மணித்தியாலம் ஆகியும் கை தொடங்கினபோது இருந்ததைவிட மோசமாக இருந்தால் அது அளவுக்கு மிஞ்சியது. முதல் பத்து அசைவு வடிவாக வந்து, பிறகு தோளைத் தூக்கி உடம்பைச் சாய்த்துச் செய்யத் தொடங்கினாரென்றால் அதிலேயே நிறுத்துங்கள். பிழையான அசைவை நூறு தரம் செய்தால் பிழைதான் பழகும்.

என்ன பயிற்சி என்று கேட்டால், அவர் நாளாந்தம் செய்ய விரும்புகிற வேலையைத்தான் பயிற்சியாக்க வேண்டும். கூம்பு அடுக்குகிற விளையாட்டில் கெட்டிக்காரராகிச் சோறு குழைக்கத் தெரியாவிட்டால் என்ன பயன்? கச்சான் கோது உடைப்பது நல்ல கிள்ளுப் பயிற்சி: முதலில் விளிம்பில் நகத்தால் கீறிவிட்டுக் கொடுங்கள், பிறகு கீறாமல் கொடுங்கள். பல்லாங்குழி வீட்டில் இருந்தால் எடுங்கள். 14 குழி, சோழியை ஒவ்வொன்றாகப் போட வேண்டும், உள்ளங்கையில் மிச்சத்தைப் பிடித்துக்கொண்டு விரல் நுனியால் ஒன்றை மட்டும் விடுவது சின்ன வேலையில்லை. அது கடினமென்றால் சோழிக்குப் பதில் பெரிய புளியங்கொட்டை. இடியப்பம் பிழிவதை ஆரம்பத்தில் வைக்காதீர்கள். இரண்டு கையும் ஒரே பலத்தில் அமத்த வேண்டும், பக்கத்தில் கொதிக்கிற தண்ணீர் வேறு. தேங்காய் துருவுவதும் நடுக்கம் உள்ளவருக்கு வேண்டாம்.

மூதூர்த்துறை

அக்கா, வலை பொத்துற தொழில் செய்யிறவருக்கு என்ன செய்யலாம்? வலது கையில பிடி இருக்கு, உணர்வு இல்லை. ஊசி விழுந்தது தெரியாது.

நிலாவெளி அக்கா

உணர்வு குறைந்த கைக்குக் கண்தான் துணை. வலையை மடியில் போடாமல் நெஞ்சு உயரத்தில் ஒரு கொளுவியில் மாட்டினால் கையைப் பார்த்தபடி செய்யலாம். மெல்லிய நைலோனில் தொடங்காமல் 4 மில்லிமீற்றர் கயிற்றில், உள்ளங்கை அகலக் கண்ணாகக் கட்டட்டும். முடிச்சு சரியாக விழத் தொடங்கினதும் கயிற்றை மெல்லிசாக்குங்கள். ஊசியில் சைக்கிள் ரியூப்பை இரண்டு சுற்றுச் சுற்றினால் வழுக்காது. நைலோன் இழுத்து அறுத்தாலும் தெரியாது என்பதால் வேலை முடிந்ததும் விரல்களைப் பார்த்துக் காயம் இருக்கிறதா என்று தேட வேண்டும்.

கூடவே நாளுக்குப் பத்து நிமிடம்: ஒரு சட்டியில் அரிசி போட்டு அதற்குள் சோழி, நாணயம், திறப்பு, மூடி என்று ஐந்து பொருளைப் புதைத்து வையுங்கள். முதலில் பார்த்துக்கொண்டு தொடட்டும், பிறகு கண்ணை மூடித் தேடி எடுத்து என்னவென்று சொல்லட்டும். பிழைத்தால் கண்ணைத் திறந்து பார்த்து மறுபடி தொட வேண்டும். அரிசியில் சுலபமானால் பயறுக்கு மாற்றுங்கள்.

இப்படிப்பட்ட கையால் சுடுசோறு குழைக்க விடாதீர்கள், மற்றக் கையால் சூடு பார்த்த பிறகுதான்.

பாலையூற்றுத் தச்சு

தேறுதோ இல்லையோ எண்டு எப்பிடி அளக்கிறது? கிளினிக்கில ஒன்பது துளைப் பலகை வைச்சு நேரம் பார்க்கினம். அதை வீட்டில செய்யலாம், அளவு சொல்லுறன்.

முக்கால் அங்குலப் பலகை, ஒரு சாண் சதுரம் காணும். மூண்டுக்கு மூண்டு ஒன்பது துளை, ஒண்டின்ர நடுவுக்கும் மற்றதின்ர நடுவுக்கும் இடையில 32 மில்லிமீற்றர். கால் அங்குல உருண்டைக் கம்பை 32 மில்லிமீற்றர் நீளத்துக்கு ஒன்பது துண்டா வெட்டி முனையை உரஞ்சி விடுங்கோ. துளைக்கு 7 மில்லிமீற்றர் ட்ரில் பிற், ஆழம் 13. பிற்றில அந்த ஆழத்துக்கு ஒரு ரேப் சுத்தினா எல்லாத் துளையும் ஒரே ஆழத்தில நிக்கும். மரக் கம்பு மாரியில ஊதித் துளைக்குள்ள இறுகும், நேரம் பிழைச்சுப் போகும். அலுமினியக் கம்பி கிடைச்சா அதுதான் நல்லது. மரம்தான் எண்டா மெழுகுதிரி பூசித் துடையுங்கோ. பலகைக்குக் கீழ சைக்கிள் ரியூப்பை வெட்டி ஒட்டினா மேசையில வழுக்காது.

உவர்மலைக்காரன்

அருமை. பயன்படுத்துகிற முறை: கம்புகளை ஒரு தட்டையான கோப்பையில் போட்டு, சோதிக்கிற கைப் பக்கம் வையுங்கள். ஒவ்வொன்றாக எடுத்து ஒன்பதையும் போட்டு, நிறுத்தாமல் ஒவ்வொன்றாக எடுத்துக் கோப்பைக்குள் திருப்பிப் போட வேண்டும். முதல் கம்பைத் தொட்டதிலிருந்து கடைசிக் கம்பு கோப்பைக்குள் விழும்வரை நேரம். மற்றக் கை பலகையைப் பிடிக்கலாம். பழக்கமான கையால் இரண்டு தரம், பிறகு மற்றக் கையால் இரண்டு தரம், சராசரி எடுங்கள். நோயில்லாத பெரியவர் சுமார் 20 விநாடியில் முடிப்பார். 5 நிமிடத்தைத் தாண்டினால் நிறுத்திவிடுங்கள்.

முதல் மூன்று நாலு தடவை பழக்கத்தாலேயே நேரம் குறையும், அதைத் தேறினதாகக் கணக்கெடுக்காதீர்கள். பிறகு 20 வீதத்துக்கு மேல் மாறினால்தான் உண்மையான மாற்றம்: 30 விநாடி எடுத்தவர் 36ஐத் தாண்டினால் கவனியுங்கள், 32க்கு யோசிக்க வேண்டாம். மாதம் ஒருதரம், அதே மணிநேரத்தில். இந்தப் பலகையிலேயே தினமும் பயிற்சி செய்ய விட்டால் அளவுகோல் கெட்டுவிடும்.

சாம்பல்தீவு

இடது கை நடுக்கத்துக்கு? பாரம் கட்டினா குறையும் எண்டு ஒராள் சொன்னவர்.

நிலாவெளி அக்கா

சிலருக்குக் குறையும், சிலருக்குத் தோள் களைத்து நடுக்கம் கூடும். கட்டிப் பார்த்துத்தான் தெரியும். பழைய காலுறையில் 200 கிராம் மணலை நிறுத்துப் போட்டு, இரண்டு முனையையும் தைத்து மணிக்கட்டில் சுற்றுங்கள். சாப்பிடும் நேரம் மட்டும். உதவினால் 300, அதிகம் போனால் 500. நாள் முழுக்கக் கட்டக் கூடாது.

பாரத்தைவிட முழங்கையை ஊன்றுவதைத்தான் நான் முதலில் வைப்பேன். மேசை நெஞ்சின் கீழ்ப் பகுதி வரை உயரமாக இருக்கட்டும், முழங்கை மேசையில், மேற்கை விலாவோடு ஒட்டி. மூடியும் குழலும் உள்ள கனமான குவளை, அரைவாசிக்கு மேல் நிரப்ப வேண்டாம். தட்டுக்குக் கீழ் நனைத்துப் பிழிந்த துணி. ஏசி திருத்துகிறவர்களிடம் செப்புக் குழாய்க்குச் சுற்றுகிற கறுப்பு ஸ்பொஞ்ச் குழல் இருக்கும், ஒரு முழம் கேட்டு வாங்கி வெட்டினால் கரண்டி, பல் துலக்கி, பேனை எல்லாவற்றுக்கும் தடித்த பிடி வந்துவிடும். உள்விட்டம் கரண்டிக் காம்பைவிடக் கொஞ்சம் சின்னதாக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் சுழலும்.

இன்னொன்று: முன்னங்கையைக் கால் மணித்தியாலம் குளிரவைத்தால் அரை மணித்தியாலமளவு நடுக்கம் குறைகிறது என்று பெல்ஜியத்தில் எம்.எஸ். நோயாளரிடம் பார்த்திருக்கிறார்கள். கையெழுத்துப் போட, சாப்பிட அந்த இடைவெளி போதும். ஐஸை நேரே வைக்காதீர்கள், ஈரத் துவாயில் சுற்றி, முழங்கைக்கும் மணிக்கட்டுக்கும் நடுவில். ஐந்து நிமிடத்துக்கு ஒருதரம் எடுத்துத் தோலைப் பாருங்கள். உணர்வு குறைந்த கையில் செய்யவே வேண்டாம்.

மூதூர்த்துறை

ராவில கை மடங்காம இருக்கப் பாமசியில விக்கிற ஸ்பிளின்ற் வாங்கிப் போடலாமா?

உவர்மலைக்காரன்

அளவு பார்க்காமல் வாங்காதீர்கள். கடைகளில் கிடைப்பது பெரும்பாலும் மணிக்கட்டை மட்டும் பிடிக்கும், விரல்கள் வெளியே மடங்கிக்கொண்டே இருக்கும். மாவட்ட வைத்தியசாலையில் தொழில்வழிச் சிகிச்சைப் பிரிவில் கையை அளந்து வார்த்துத் தரச் சொல்லிக் கேளுங்கள். போடத் தொடங்கும்போது பகலில் ஒரு மணித்தியாலம், கழற்றிப் பார்த்துச் சிவந்த அடையாளம் 20 நிமிடத்தில் மறையாவிட்டால் திருப்பிக் கொண்டுபோய்த் திருத்துங்கள். ஒழுங்காக இருந்தால் மட்டும் இரவுக்குப் போங்கள்.

கிண்ணியாக் கரை

கடைசியா ஒண்டு. திடீரெண்டு கை மோசமானா பயிற்சியைக் கூட்டுறதா குறைக்கிறதா?

திருமலைத் தாதி

நிப்பாட்டிட்டு முதல் காய்ச்சல் பாருங்கோ. சலக்கடுப்பு, தடிமன், டெங்கு, எது வந்தாலும் பழைய குறை எல்லாம் திரும்பக் கிளம்பும், அதை மாத்தினா கையும் சரிவரும். காய்ச்சலோ கிருமியோ இல்லாம, புதுக் குறையோ கூடின குறையோ 24 மணித்தியாலத்துக்கு மேல நிண்டா அது நோய் திரும்பினதா இருக்கலாம், அடுத்த கிளினிக் திகதிவரை காத்திருக்காதீங்கோ. நரம்பு வைத்தியர் தேவையெண்டா மூண்டு தொடக்கம் ஐந்து நாள் ஸ்டீரோயிட் ஊசி ஏத்துவார். அந்த நாட்களில பலப் பயிற்சி வேண்டாம். கையைத் தலகணியில தாங்கி வைச்சு, உவர்மலை அண்ணை சொன்ன மேசை விளிம்பு நிமிர்த்தல் மட்டும், காலமையும் பின்னேரமும். திரும்பத் தொடங்கேக்க முன்னம் செய்ததில அரைவாசியில தொடங்குங்கோ.

சாம்பல்தீவு

விளங்கிச்சு. கப்பியைக் கழட்டியாச்சு. பிசைஞ்ச மா எத்தினை நாள் நிக்கும்?

உவர்மலைக்காரன்

உப்பு நிறைய இருப்பதால் மூடிய டப்பாவில் ஃபிரிட்ஜில் வைத்தால் இரண்டு கிழமை தாங்கும். வெளியே வைத்தால் இந்தச் சூட்டில் நாலைந்து நாளில் நீர் விட்டுப் பிசுபிசுக்கும். அப்போது ஒரு பிடி மா சேர்த்துப் பிசையலாம், மணம் மாறினால் எறிந்துவிடுங்கள். ஃபிரிட்ஜிலிருந்து எடுத்தவுடன் கொடுக்காதீர்கள், குளிரில் மா கல்லுப்போல இருக்கும், இறுகின கை இன்னும் இறுகும். அரை மணித்தியாலம் வெளியே வைத்த பிறகு கொடுங்கள். கையில் வெட்டுக் காயம் இருந்தால் உப்பு எரியும், அன்றைக்கு மா வேண்டாம்.